மல்லாட்டை வந்த வழி

சென்னையில் நான் குடியிருக்கும் தெருமுனையில் மரச்செக்கு எண்ணெய்க் கடை ஒன்று இருக்கிறது. சங்க காலம் தொட்டு நம் முன்னோர் உண்டு வந்த கடலை எண்ணெய் என்று அதன் பலகையில் பச்சை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் நேர்மையான மனிதர். எண்ணெயும் நல்ல எண்ணெய்தான். மாதம் இரண்டு லிட்டர் நானே வாங்குகிறேன். ஆனாலும் அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சங்க காலத்து மனிதர்கள் ஆட்டியது எள்ளை. எள்ளின் நெய் என்பதால்தான் எண்ணெய் என்ற சொல்லே பிறந்தது. பின்னால் வந்த எல்லாவற்றுக்கும், மண்ணெண்ணெய் வரைக்கும், எள் தன் பெயரைக் கடன் கொடுத்தது. நிலக்கடலை நம் பக்கத்தில் பெரிய அளவில் பயிரானது என் பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்தில்தான். எங்கள் வட்டாரத்தில் ரயில் ஓடத் தொடங்கியதும் மேட்டுநிலக் கொல்லைகளில் கடலை பரவியதும் ஏறக்குறைய ஒரே தலைமுறையில் நடந்தவை.

நான் பிறந்து வளர்ந்தது திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் உள்ள ஒரு சிற்றூர். எங்களுக்கு மூன்று காணி செம்மண் கொல்லை உண்டு. அக்காவின் கல்யாணம், என் கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கூரை ஓட்டிலிருந்து தளத்துக்கு மாறியது என எல்லாமே அந்தக் கொல்லையில் விளைந்த கடலையின் கணக்கில்தான் நடந்தன. கொல்லையில் நின்றால் மேற்கே செஞ்சி மலை தெரியும். அந்த மலையும் இந்தப் பயிரும் ஒரே வயதுடையவை என்றுதான் சிறுவயதில் நினைத்திருந்தேன். செஞ்சிக் கோட்டையின் பீரங்கிகள் ஓய்ந்து, கோட்டைக்குள் ஆடு மேயத் தொடங்கிய பிறகு வந்த பயிர் இது என்று தெரிந்துகொள்ள எனக்கு நாற்பது வயது ஆயிற்று.

உண்மையை ஒளிக்காமல் வைத்திருந்தது பெயர் மட்டுமே. எங்கள் ஊரில் நிலக்கடலை என்பது பள்ளிப் புத்தகத்துச் சொல்; வாயில் வருவது மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்பது மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டையாகத் தேய்ந்தது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் விலைப்பலகையில் இன்றும் மணிலா என்றே எழுதுகிறார்கள். பிலிப்பைன்ஸ் தீவுகளின் தலைநகரத்தைத் தாங்கள் எழுதுவதாக அங்கே யாரும் நினைப்பதில்லை. தருமபுரிப் பக்கம் போனால் கல்லக்கா, கொங்கில் கடலைக்காய். கடலை என்ற பழைய சொல் முதலில் குறித்தது கொண்டைக்கடலையை. மண்ணுக்குள் காய்க்கும் புதிய பொருளைக் கண்டவர்கள் தெரிந்த பெயருக்கு முன்னால் நிலத்தையோ வேரையோ சேர்த்துக்கொண்டார்கள். வேர்க்கடலை என்ற பெயர் ஒரு பிழை, ஏனென்றால் காய் வேரில் காய்ப்பதில்லை. தெலுங்கின் வேருசெனகலுவும் அதே பிழையைச் செய்கிறது. மலையாளிகள் கப்பலண்டி என்றார்கள், கப்பலில் வந்த கொட்டை. ஈழத்தில் அது கச்சான், மலாய் மொழியின் காச்சாங். நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்வந்தவர் கச்சான் வாங்காமல் வீடு திரும்பினால் வீட்டில் வரவேற்பு இராது. சிங்களத்தில் ரட்டகஜு, அயல்நாட்டு முந்திரி. வங்காளத்தில் சீனாபாதாம். இத்தனை மொழிகளும் இது வெளியிலிருந்து வந்தது என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருக்க, சங்க காலம் என்று பலகை எழுத எப்படித்தான் மனம் வருகிறதோ.

பலகை எழுதியவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பெங்களூருவின் பசவனகுடியில், கார்த்திகை மாதத்துக் கடைசித் திங்கட்கிழமையை ஒட்டிக் கடலைக்காய்ப் பரிசை என்ற பெரிய திருவிழா நடக்கிறது. விளைந்த கடலையைத் தின்று அழித்த எருதைச் சமாதானப்படுத்த அங்கே நந்திக் கோயில் எழுந்தது என்றும், கட்டியவர் 16ஆம் நூற்றாண்டின் கெம்பே கௌடா என்றும் கதை சொல்வார்கள். கேட்க இனிமையான கதைதான். அந்த நாளில் பெங்களூரு மேட்டில் எருது மேயும் அளவுக்குக் கடலை விளைந்திருக்கும் என்று நம்புவதுதான் கடினம். ஒரு பயிர் மக்களின் வயிற்றில் இடம் பிடித்துவிட்டால், அதற்குப் பழங்கதை ஒன்றை மக்களே தேடிக் கொடுத்துவிடுகிறார்கள்.

உண்மையான பழங்கதை தென்னமெரிக்காவில் இருக்கிறது. பொலிவியாவின் தெற்கும் அர்ஜென்டினாவின் வடமேற்கும் சேரும் ஆண்டிஸ் மலையடிவாரத்தில், அராக்கிஸ் டியூரனென்சிஸ், அராக்கிஸ் ஐபேயென்சிஸ் என்ற இரண்டு காட்டுச் செடிகள் எப்போதோ கலந்தன. இரண்டுக்கும் தலா 20 குரோமோசோம்கள். கலப்பில் பிறந்த நம் கடலைக்கு 40. கலப்பு ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு உட்பட்டது என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. காயைத் தானே மண்ணில் புதைத்துக்கொள்ளும் செடியால் பரவ முடியாது. காற்றில் விதை பறப்பதில்லை, பறவை கொத்திக் கொண்டுபோவதும் அரிது. வெள்ளம் மண்ணை அரித்துச் சென்றால்தான் உண்டு. காட்டுக் கடலை தானாக நகரும் வேகம் ஆண்டுக்கு ஒரு மீட்டர் அளவுக்குத்தான் இருக்கும் என்பது தாவரவியலாளர் கணிப்பு. அப்படியானால் வெவ்வேறு இடத்தில் வளர்ந்த இரண்டும் சந்தித்தது எப்படி? யாரோ ஒருவர் ஒன்றைத் தின்பதற்கோ விதைப்பதற்கோ மடியில் கட்டிக்கொண்டு நடந்திருக்க வேண்டும். நடக்கத் தெரியாத செடிக்கு அன்று தொடங்கி இன்றுவரை மனிதன்தான் கால்.

அந்தக் கால்கள் முதலில் சென்றது மேற்கே, பெருவின் கடற்கரைப் பாலைநிலங்களுக்கு. அங்கே கிறிஸ்து பிறந்த சில நூற்றாண்டுகளுக்குள் செழித்த மோச்சே மக்கள் கடலையை வெறும் தீனியாகக் கருதவில்லை. 1987இல் சிப்பான் என்ற இடத்தில், திருடர்கள் தோண்டத் தொடங்கிவிட்ட மேடு ஒன்றில், தொல்லியலாளர் வால்ட்டர் ஆல்வா கண்டெடுத்த அரசனின் கல்லறையில் ஒரு கழுத்தணி இருந்தது. உருவத்தில் பெரிய கடலைக்காய்கள். ஒரு பக்கத்துக் காய்கள் பொன்னில், மறு பக்கத்துக் காய்கள் வெள்ளியில். ஓட்டின் வலைவரி வரைக்கும் அச்சாகச் செய்திருக்கிறார்கள். அதன் படத்தை நான் என் அண்ணனிடம் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, “எல்லாம் ரெண்டு பருப்புக் காயா இருக்கே, நல்ல ரகம்தான்” என்றார்.

ஐரோப்பியர் வந்த பிறகு கடலை இரண்டு திசைகளில் கப்பல் ஏறியது. போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மண்ணுக்குள் காய்க்கும் பம்பாரா என்ற பயறு ஏற்கெனவே பழக்கத்தில் இருந்ததால், விருந்தாளி வீட்டு மனிதராக நெடுநாள் ஆகவில்லை. ஸ்பானியர் பசிபிக் கடலைக் கடந்து மணிலாவுக்கும், அங்கிருந்து சீனத்துக்கும் கொண்டுசேர்த்தார்கள். நமக்கு எந்தக் கப்பல் எந்த ஆண்டில் கொண்டுவந்தது என்று தேதி குறிக்க யாராலும் முடியாது; இரண்டு வழிகளிலிருந்தும் வந்திருக்கலாம் என்று பல ஊர்ப் பெயர்களும் சொல்கின்றன. வந்து நெடுங்காலம் அது கொல்லைப்புறத்துச் செடியாக, பிள்ளைகள் பிடுங்கித் தின்னும் பண்டமாகத்தான் கிடந்தது.

அதைக் கொல்லைப்புறத்திலிருந்து கொல்லைக்கு அழைத்து வந்தவர்கள் பிரான்சின் சோப்புக்காரர்கள். மார்சேய் நகரத்துச் சோப்பு ஆலிவ் எண்ணெயில் செய்யப்பட்டுப் புகழ்பெற்றது. ஆலிவ் எண்ணெய் விலை ஏற ஏற அவர்களுக்கு மலிவான எண்ணெய் வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முதலில் செனகலின் கடலை மார்சேய்க்குப் போயிற்று. அடுத்து அவர்களுடைய கண் தங்கள் கொடி பறந்த புதுச்சேரியின் மேல் விழுந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் பாதை போடப்பட்டது. அதன் பிறகு தென்னார்க்காட்டின் கேழ்வரகும் கம்பும் வரகும் விளைந்த மேட்டுநிலங்களில் கடலை காட்டுத்தீயாகப் பரவியது. வியாபாரி விதைப்புக் காலத்திலேயே முன்பணம் கொடுத்து விளைச்சலைக் கட்டிப்போட்டார். விவசாயி அறுவடைக்கு முன்பே காயை விற்றிருந்தார். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கடலைப் பணத்தைக் கைக்காசு என்பார்கள். கேழ்வரகு வயிற்றுக்கு, மல்லாட்டை கைக்கு. அந்தக் கை எங்கே நீண்டிருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. 1914இல் ஐரோப்பாவில் போர் மூண்டு கப்பல்கள் நின்றபோதும், 1930ஐ ஒட்டிய உலக மந்தத்திலும், பார்த்தறியாத துறைமுகம் ஒன்று தும்மியதற்கு எங்கள் வட்டாரம் காய்ச்சலில் படுத்தது.

இடையில் பயிரே ஒருமுறை படுத்துக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் நோயும் விதைச் சோர்வும் சேர்ந்து நாட்டுரகத்தின் விளைச்சலை வீழ்த்தின, ஏற்றுமதி சரிந்தது. அப்போது கைகொடுத்தது மொரிஷியஸிலிருந்து வந்த விதை. 1905இல் பண்ருட்டிக்கு அருகே பாலூரில் அரசு விவசாயப் பண்ணை தொடங்கியது. பின்னர் திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வந்தது. நம் ரகப் பெயர்களின் தலையில் நிற்கும் டிஎம்வி என்ற மூன்றெழுத்து திண்டிவனத்தைக் குறிப்பதுதான். 1940இல் வெளிவந்த டிஎம்வி 2 குடியாத்தம் கொத்து என்ற ரகத்திலிருந்து தேர்ந்தது. என் அப்பாவுக்கு மிகவும் பிடித்த டிஎம்வி 7, 1967இல் வந்தது. அது டென்னசி ஒயிட் என்ற அமெரிக்க ரகத்திலிருந்து பொறுக்கியெடுக்கப்பட்டது. அதை அப்பா சாகும்வரை நாட்டு மல்லாட்டை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை.

செடியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பயிரின் வரலாற்றை மட்டும் சொன்னால் அரைக் கதைதான். ஆடி மாதம் முதல் நல்ல மழைக்கு மண் ஈரம் கண்டதும், முன்னே ஏர் செல்ல, பின்னே பெண்கள் ஒரு சாண் இடைவெளிக்கும் குறைவாகச் சாலில் பருப்பை விட்டுக்கொண்டே வருவார்கள். ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு பிடிக்கும். இப்போது டிராக்டரும் விதைக்கருவியும் அந்த வேலையைச் செய்கின்றன. விதைத்த நான்கு வாரத்துக்குள் செடியின் கணுக்களில் மஞ்சள் பூக்கள் தோன்றும். விடியலில் விரிந்து உச்சி வெயிலுக்குள் வாடிவிடும் பூ; வண்டுக்குக் காத்திராமல் தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும். வேறு செடியாக இருந்தால் அந்த இடத்தில் காய் பிடித்திருக்கும். இதிலோ பூ உதிர்ந்த இடத்திலிருந்து ஒரு வாரத்தில் கருஞ்சிவப்பு ஊசி ஒன்று நீண்டு, தலையைக் கீழே திருப்பி, மண்ணைத் தேடி இறங்கத் தொடங்கும். விழுது என்று அதைச் சொல்வோம். அதன் கூரிய முனையில்தான் கரு இருக்கிறது. மண்ணுக்குள் இரண்டு விரல்கடை போனதும், இருட்டை உணர்ந்தபின், குறுக்கே திரும்பிப் பருக்கத் தொடங்கும். வெளிச்சத்திலேயே தங்கிவிட்ட விழுது காயாகாது; செடியின் மேல்பகுதியில் மண்ணை எட்ட முடியாமல் காய்ந்து தொங்கும் விழுதுகளைப் பார்த்தால் எனக்கு இன்றும் மனம் சங்கடப்படும்.

ஆகவே மண் அணைப்பதுதான் கடலை விவசாயத்தின் மையமான வேலை. நாற்பது, நாற்பத்தைந்தாம் நாளில் களைகொத்தால் வரிசையின் இருபுறமும் மண்ணை இழுத்துச் செடியின் கழுத்தில் சேர்க்க வேண்டும். அதற்குப் பிறகு கொல்லையில் கொத்து விழக் கூடாது, விழுதுகள் அறுந்துபோகும். மண் அணைக்கும்போதே ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போடச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். இதற்கான காரணம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. இலைக்கு ஏறும் நீரோடுதான் சுண்ணாம்புச் சத்து செடிக்குள் பயணம் செய்கிறது. மண்ணுக்குள் கிடக்கும் காயிலிருந்து நீர் ஆவியாவதில்லை என்பதால் வேர் எடுத்த சுண்ணாம்பு காய்க்கு வந்து சேர்வதில்லை. காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தன் ஓட்டின் வழியாகவே, சுற்றியுள்ள மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்ள வேண்டும். தாய் ஊட்டாத ஒரு சத்தை வயிற்றுப் பிள்ளை தானே தேடித் தின்பது போல. கிடைக்காவிட்டால் ஓடு வளரும், உள்ளே பருப்பு இராது; அது பொக்கு. ஒரு வருடம் பணமுடையில் அப்பா ஜிப்சத்தைத் தவிர்த்துவிட்டார். செடி பச்சைப் பசேல் என்று முழங்காலை மறைத்து நின்றது. ஊரார் கண்பட்டுவிடும் என்று ஆயா உப்பு சுற்றிப் போட்டாள். பிடுங்கியபோது மூன்றில் ஒன்று பொக்கு. கண்ணுக்குத் தெரியும் செழிப்பை வைத்துக் கடலையைக் கணிக்க முடியாது என்பதை அன்று கற்றேன்.

மண்ணைக் கேட்காமல் கடலை போட்டவர்களில் என் அப்பா மிகச் சிறியவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கொழுப்புப் பஞ்சத்தில் தவித்த பிரிட்டிஷ் அரசு, இன்றைய தான்சானியாவில் முப்பது லட்சம் ஏக்கருக்கு மேல் கடலை பயிரிடும் திட்டத்தை 1947இல் தொடங்கியது. காட்டை அழிக்கப் போர் டாங்கிகளையே டிராக்டராக மாற்றி ஓட்டினார்கள். கொங்குவா என்ற இடத்தில் அவர்கள் தேர்ந்த மண் களிப்பாங்கானது; மழையில் சேறாகி, வெயிலில் செங்கல்லாக இறுகியது. விழுது இறங்க நெகிழ்வான மண் வேண்டும், விளைந்த காயைப் பிடுங்கவும் நெகிழ்வான மண் வேண்டும் என்பது எங்கள் ஊரில் ஆடு மேய்க்கும் பிள்ளைக்கும் தெரியும். 1951 தொடக்கத்தில் திட்டத்தைக் கைவிட்டபோது 3 கோடியே 60 லட்சம் பவுண்டு தள்ளுபடி ஆயிற்று. அந்தப் பணத்துக்கு எத்தனை ஆயிரம் வண்டி மண்ணைக் கைப்பிடியில் எடுத்துப் பார்த்திருக்கலாம்.

காய் முற்றியதா என்பதற்கு ஆயா வைத்திருந்த சோதனையைத்தான் இன்றைய ஆராய்ச்சியாளரும் செய்கிறார். நான்கைந்து செடிகளைப் பிடுங்கி, காயை உடைத்து, பருப்பை எடுத்துவிட்டு ஓட்டின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளையாக, பஞ்சுபோல இருந்தால் பிஞ்சு. பழுப்பேறிக் கருத்திருந்தால் முற்றிவிட்டது. “ஒடச்சா உள்ள கருத்திருக்கணும், அப்பத்தான் கையை வைக்கணும்” என்பாள். பழைய கொடிக்கடலைக்கு நான்கரை மாதம் வரை தேவைப்பட்டது. மொரிஷியஸ் வகை தரையில் படர்ந்து ஓடும். இன்றைய கொத்துக்கடலை 105 நாளில் முற்றிவிடும், காயும் செடியடியிலேயே திரண்டிருக்கும், பிடுங்க எளிது. இந்த மாற்றத்தில் விவசாயி இழந்த ஒன்றைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. கொடிக்கடலையின் விதைக்கு உறக்கக் காலம் உண்டு. பிடுங்கிப் பல வாரம் ஆனாலும் ஈரம் பட்டவுடன் முளைத்துவிடாது. கொத்துக்கடலை பெரும்பாலானவற்றுக்கு அந்த உறக்கம் இல்லை. முற்றிய காய் மண்ணில் கிடக்கும்போது இரண்டு நாள் மழை பிடித்தால், செடியில் இருக்கும்போதே உள்ளே முளை கட்டிவிடும்.

ஆடியில் விதைத்த கொத்துக்கடலை முற்றுவது ஐப்பசியில். வடகிழக்குப் பருவமழை இறங்குவதும் ஐப்பசியில். என்னுடைய பதினான்காம் வயதில் இந்த இரண்டும் ஒரே வாரத்தில் எங்கள் கொல்லையில் சந்தித்தன. பாதிக் கொல்லையைப் பிடுங்கி, செடிகளைக் காய் மேலாகக் கவிழ்த்துப் போட்டிருந்தோம். நடுநிசியில் தொடங்கிய மழை மூன்று நாள் விடவில்லை. நான்காம் நாள் வெயில் வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால், பிடுங்காத பாதியில் தரை வெடித்த இடமெல்லாம் இளம்பச்சையாக இரண்டிரண்டு வித்திலைகள் எட்டிப் பார்த்தன. கவிழ்த்துப் போட்ட பாதியில் காய் கறுத்து, தொட்டால் வழுக்கியது. அப்பா ஒரு காயை எடுத்து உடைத்தார், உள்ளே வால் முளைத்த பருப்பு. அதை வாயில் போட்டு மென்றுவிட்டு, “இனிக்குது” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆண்டுதான் அக்காவின் கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது.

காய் ஆய்வது பெண்களின் வேலை. குவித்த செடிகளைச் சுற்றி உட்கார்ந்து காயைத் தனியே பறித்துக் கூடையில் சேர்ப்பார்கள். கூலி காயாகவே, பத்துக்கு ஒன்றோ எட்டுக்கு ஒன்றோ, பேசியபடி. பிடுங்கி முடிந்த கொல்லையில் பிள்ளைகள் களைகொத்தோடு இறங்கித் தப்புக்காய் பொறுக்குவார்கள். அதற்கு நிலக்காரர் தடை சொல்ல மாட்டார். சொன்னால் அந்தப் பேச்சு பல வருடம் ஊரில் நிற்கும். அப்படிப் பொறுக்கிய காயை உப்புப் போட்டு அவித்து, சூடு ஆறுவதற்குள் திண்ணையில் உட்கார்ந்து உரித்துத் தின்றவர்களுக்கு, பொட்டலத்தில் வரும் வறுத்த கடலை எந்த நாளும் ஒப்பாகாது. செடிக்கொடியை மாடு தின்னும். வேரின் முடிச்சுகளில் பாக்டீரியாக்கள் பிடித்து வைத்த தழைச்சத்து அடுத்த கேழ்வரகுக்கு உரமாகும். செக்கில் ஆட்டி மிஞ்சும் பிண்ணாக்கும் மாட்டுக்குத்தான்.

மழைக்காலத்து இரவுகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மல்லாட்டை உடைக்கும் வேலை நடக்கும். மரக்காலுக்கு இவ்வளவு என்று கூலி. உலர்ந்த ஓடு விரலைக் கிழிக்கும் என்பதால் முதல் நாள் மாலையே காய்க் குவியலில் தண்ணீர் தெளித்து வைப்பார்கள். ஓடு நெகிழ்ந்து நொடியில் உடையும், பருப்பும் எடை கூடும். இது எங்கள் வீட்டுச் சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தேன். நூறு ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரிக் கடலையைப் பற்றி ஐரோப்பிய வியாபாரிகளின் ஓயாத புகாரே இதுதான் என்று பின்னால் படித்தேன். தண்ணீர் தெளித்து உடைத்த பருப்பு கப்பலின் அடியறையில் வாரக்கணக்கில் வெந்து, மார்சேய் சேரும்போது சிக்கெடுத்திருக்கும். சமையல் எண்ணெய்க்கு ஆகாது, சோப்புக்குத்தான் ஆகும். இதன் காரணமாகவே உலர்ந்த காயை உடைக்கும் இயந்திரங்கள் தென்னார்க்காட்டில் பரவின.

சிக்கெடுப்பதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று அந்த ஈரத்தில் இருப்பது 1960இல் தெரிந்தது. இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களில் செத்து விழுந்தன. எல்லாம் தின்றது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கு கலந்த தீவனம். அந்தப் பிண்ணாக்கில் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணம் சுரந்த நஞ்சு இருந்தது. அஃப்ளாடாக்ஸின் என்று அதற்குப் பெயரிட்டார்கள். மனிதனுக்கு ஈரல் புற்றுநோயைத் தருவது அது. வறுத்தாலும் பொரித்தாலும் முழுதாக அழியாது. பிண்ணாக்கு தின்ற மாட்டின் பாலிலும் அதன் சாயல் வரும். நேரடியாக உண்ணும் கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியம் திருப்பி அனுப்பிவிடுகிறது. பிடுங்கிய காயின் ஈரத்தைச் சீக்கிரமாக நூற்றுக்கு எட்டுப் பங்குக்குக் கீழே இறக்குவதும், மறுபடி தண்ணீர் காட்டாமல் இருப்பதும்தான் இதற்கு மருந்து. செக்கெண்ணெய் வாங்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது, மரம் வாகையா கருங்காலியா என்று கேட்பதற்கு முன் கடலை எப்படி உலர்ந்தது என்று கேளுங்கள் என்பதே. ஆலையில் சுத்திகரித்த எண்ணெயில் இந்த நஞ்சு நீங்கிவிடும். வடிகட்டிய செக்கெண்ணெய்க்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, களத்தின் நேர்மை ஒன்றே அதன் பாதுகாப்பு. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்ற வேளாண் அறிவியலாளர் கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தார் என்று நம்புகிறவர்களிடம், அவர் கடலை ஆய்வில் இறங்குமுன்பே வேறு ஆட்கள் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள் என்றால் வரும் கோபத்தைப் போன்றது அது.

சோப்புக்குப் போய்க்கொண்டிருந்த எண்ணெய் இந்தியச் சமையலறைக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டில். வனஸ்பதி ஆலைகளும் கடலை எண்ணெயை நம்பித்தான் எழுந்தன. ஒரு காலத்தில் நாட்டின் முதன்மையான சமையல் எண்ணெய் அதுவே. 1990களில் இறக்குமதிக் கதவு திறந்து பாமாயில் வந்து இறங்கியபின், ஒரு லிட்டர் எண்ணெய்க்கு இரண்டு கிலோ அளவுக்குப் பருப்பு கேட்கும் கடலையால் விலையில் போட்டியிட முடியவில்லை. இன்று உலகில் அதிகம் விளைவிப்பது சீனா, அடுத்தது இந்தியா, இந்தியாவில் குஜராத். திண்டிவனத்துப் பெயரை அறிந்த கடலை வியாபாரி இப்போது ராஜ்கோட் விலையைத்தான் முதலில் கேட்கிறார். 2025-26க்கு அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். என் அண்ணனிடம் கட்டுப்படியாகிறதா என்று கேட்டால், ஆள் கூலி எவ்வளவு தெரியுமா என்று அவர் திருப்பிக் கேட்பார். பிடுங்கவும் ஆயவும் ஆள் இல்லாமல் எங்கள் ஊரில் பல கொல்லைகள் சவுக்குக்கு மாறிவிட்டன. மிச்சமிருப்பவற்றைக் காட்டுப்பன்றி உழுகிறது. மோப்பம் பிடித்து வரிசை தவறாமல் காயைத் தோண்டும் அதன் மூக்கு எந்த அறுவடைக் கருவிக்கும் இல்லை.

போன ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் இந்த முறை போட்டிருப்பது ஆந்திரத்துக் கதிரி நிலையத்தின் 1812 என்ற ரகம். மாலையில் இருவரும் கொல்லையில் இறங்கினோம். ஐந்து செடிகளைப் பிடுங்கி மண்ணை உதறிவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு காயை உடைத்து ஓட்டை என் உள்ளங்கையில் வைத்தார். மூன்று கருத்திருந்தன. இரண்டில் வெள்ளை மாறவில்லை. கைப்பேசியில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி ஓடிக்கொண்டிருந்தது. கிழக்கே பார்த்துவிட்டு, “இன்னும் அஞ்சு நாள் தாங்கும்டா” என்றார். வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் அண்ணி நின்றிருந்தார். மறுநாள் விடியலுக்கு வரச்சொல்லிப் பன்னிரண்டு பெண்களுக்கு அவர் ஏற்கெனவே ஆள் அனுப்பியிருந்தார்.